ஒப்பந்தத்தைக் கடைப்பிடித்தவள்

14 செப்டம்பர் 2018, பெல்ஃபாஸ்ட்

இந்தப் படிப்பில் வாரா வாரம் நாட்குறிப்பு எழுதியாக வேண்டுமாம். எந்த மொழியிலும் எழுதலாம், யாரும் வாங்கிப் பார்க்க மாட்டோம் என்றார் பேராசிரியர். இருபது வருட அரசாங்க வேலையில் நான் எழுதியதெல்லாம் மேலே ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்காகத்தான். யாரும் பார்க்காத தாளில் எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. படிவம் நிரப்புவதுபோல் நிரப்பி வைக்கிறேன்.

பெயர்: சண்முகவடிவு. வயது 43. பதவி: துணை வட்டாட்சியர், திருநெல்வேலிப் பக்கம். இப்போது உதவித்தொகை பெற்றுப் படிப்பு விடுப்பில். படிப்பு: அமைதியும் நல்லிணக்கமும், ஓராண்டு முதுகலை. வகுப்பில் பதினெட்டுப் பேர். மற்ற பதினேழு பேரும் என் மகன் கதிரேசனுக்கு அண்ணன், அக்கா வயதுதான் இருப்பார்கள்.

வீட்டுக்குப் போன் செய்தேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். விசில் ஊதி ஊதி அவருக்கு எதையும் சத்தமாகத்தான் சொல்ல வரும். "ஏ வடிவு, அங்க சோறு கெடைக்கா?" என்று கேட்டது பக்கத்து அறைக்கும் கேட்டிருக்கும்.

17 செப்டம்பர்

குளிர். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். மூன்று நாளாக ரொட்டி. அரிசி விற்கும் கடையைக் கண்டுபிடித்துவிட்டேன்.

22 செப்டம்பர்

எங்களைச் சுவர் பார்க்கக் கூட்டிப்போனார்கள். கத்தோலிக்கர் தெருவுக்கும் புராட்டஸ்டண்ட் தெருவுக்கும் நடுவில் பனைமர உயரத்துக்குச் சுவர். அதில் ஒரு இரும்புக் கேட். பகலில் திறந்து சாயங்காலம் பூட்டுகிறார்கள். சண்டை நின்று இருபது வருடம் ஆகிறது, சுவர் நிற்கிறது. இதற்குப் பெயர் 'சமாதானச் சுவர்'. எங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒன்று கட்டினால் தீண்டாமைச் சுவர் என்று கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். இதை நான் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். இந்த வகுப்பில் நான் சொல்லி எல்லாரும் சிரித்த முதல் விஷயம் என்பதால் குறித்து வைக்கிறேன்.

3 அக்டோபர்

என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருப்பவள் சொலாஞ். ருவாண்டாக்காரி, இருபத்தொன்பது வயது. அவர்கள் நாட்டுப் படுகொலையின்போது ஐந்து வயதாம். அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, "இந்த வெங்காயத்தை எவ்வளவு பொடியா நறுக்கணும்?" என்று கேட்டாள். ரசம் வைக்கக் கற்றுக்கொள்கிறாள்.

இன்று வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நான் எங்கள் அலுவலகத்து அமைதிப் பேச்சுவார்த்தைக் கூட்டங்களைப் பற்றிச் சொன்னேன். கோவில் கொடையில் சப்பரம் எந்தத் தெரு வழியாக வருவது, சுடுகாட்டுக்கு எந்தப் பாதை என்று எதிலாவது இரண்டு தெருவுக்குள் முட்டிக்கொள்ளும். தரப்புக்கு நாலு பேரைக் கூப்பிடுவோம். டீ, வடை. சாயங்காலத்துக்குள் ஒரு தாளில் 'இரு தரப்பினரும் ஏற்றுக்கொண்டு கையொப்பமிட்டனர்'. உதவியாளராக இருந்த காலத்திலிருந்து முப்பத்தொரு கூட்டங்களுக்கு நான் குறிப்பு எழுதியிருக்கிறேன். ஒரு உயிர்கூடப் போனதில்லை. கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது சொலாஞ் கேட்டாள், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று. யாரும் இல்லை என்றேன்.

5 நவம்பர்

நாளை தீபாவளி. போன் செய்தபோது அவர் ஜவுளிக் கடையில் நின்றார். பின்னால் ஒரே இரைச்சல். "ஏழு வயசுப் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை எடுங்க, பச்சை வேண்டாம், போன வருசம் பச்சை" என்று கடைப்பையனிடம் சொல்வது கேட்டது. யாருக்கு என்று கேட்டேன். "எங்க ஸ்கூல் வாட்ச்மேன் பிள்ளைக்கு" என்றார். நல்ல மனசு. வாட்ச்மேனுக்குக் கல்யாணம் ஆனதே எனக்குத் தெரியாது.

இங்கே வகுப்புத் தோழர்களுக்குக் கேசரி கிளறினேன். கட்டியாகிவிட்டது. கேக் என்று நினைத்து வெட்டித் தின்றார்கள்.

28 நவம்பர்

இன்று என் முறை. ஆளுக்கொரு வெற்றிகரமான சமரசத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். முப்பத்தொன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பெயர்களைச் சொல்லவில்லை.

2010, ஆகஸ்ட். ஒரு கிராமம். ஊர்த்தெருப் பெண்ணும் காலனித் தெருப் பையனும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வெளியூர் போய்விட்டார்கள். மறுநாள் கல்லெறி. மூன்று வீடுகளின் ஓடு உடைந்தது. வட்டாட்சியர் கூட்டம் போட்டார். தரப்புக்கு நாலு பேர். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. தம்பதியர் ஊருக்குள் வருவதைத் தவிர்த்துக்கொள்வது, இரு தெருவும் அமைதி காப்பது. எட்டு வருடமாக ஒரு கல் விழவில்லை.

கைதட்டல். அப்புறம் சொலாஞ் கையைத் தூக்கினாள்.

"அந்த ரெண்டு பேரும் கூட்டத்தில் இருந்தார்களா?"

இல்லை என்றேன்.

"அவர்களிடம் யாராவது கேட்டீர்களா?"

நகல் பதிவுத் தபாலில் அனுப்பினோம் என்றேன்.

"இப்போது எங்கே இருக்கிறார்கள்?"

எனக்குத் தெரியாது என்றேன். திருப்பூரில் இருக்கிறார்கள். அவள் பனியன் கம்பெனியில் தைக்கிறாள், அவன் அங்கேயே சாயப் பிரிவில் வேலை பார்க்கிறான். பெண் குழந்தை. இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்பது உண்மைதான்.

29 நவம்பர்

தலைவலி. வகுப்புக்குப் போகவில்லை.

2 டிசம்பர்

யாரும் வாங்கிப் பார்க்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். அந்தப் பெண் என் தங்கை உலகம்மாள். என்னைவிட ஒன்பது வயது இளையவள். அப்பா போன பிறகு நான் படிக்கவைத்த பிள்ளை.

அன்றைக்கு நான் அந்த அலுவலகத்தில் உதவியாளர். கூட்டக் குறிப்பு எழுத வேண்டியது என் பொறுப்பு. வேறு யாரையாவது எழுதச் சொல்லவா என்று வட்டாட்சியர் கேட்கத்தான் செய்தார். வேண்டாம் சார், நானே எழுதுகிறேன் என்றேன். வேறு யாராவது எழுதினால் கடுமையாக எழுதிவிடுவார்கள் என்று பயந்தேன். வட்டாட்சியர் 'வரக்கூடாது' என்றுதான் சொன்னார். 'தவிர்த்துக்கொள்வது' என்று நான் மாற்றினேன். அது மென்மையான சொல்.

வெளியே இருநூறு பேர் நின்றார்கள். அவர்கள் இரண்டு பேரும் அன்றைக்கு ஊருக்குள் கால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் அவளைக் காப்பாற்றினேன். இதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை.

3 டிசம்பர்

பால், மிளகாய்த்தூள், மின்சார அடுப்புக்குச் சின்ன வாணலி.

21 ஜனவரி 2019

களப்பயிற்சி தொடங்கிவிட்டது. சுவரில் இருக்கும் கேட்டை ஒட்டி ஒரு சமூகக் கூடம். இரண்டு பக்கத்து வயதானவர்களும் வாரத்தில் மூன்று நாள் அங்கே வந்து மதியம் சாப்பிடுகிறார்கள். நடத்துவது இரண்டு பெண்கள். மொரீன் கத்தோலிக்கத் தெரு, ஜீன் புராட்டஸ்டண்ட் தெரு. இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒரே மாதிரி கத்தரித்த வெள்ளைத் தலை, ஒரே மாதிரி மூக்குக்கண்ணாடி. முதல் நாள் அக்கா தங்கை என்றே நினைத்தேன். அதைச் சொன்னதும் ஜீன், "கடவுளே, இவள் அளவுக்கா நான் குண்டு?" என்றாள். மொரீன் அகப்பையை ஓங்கினாள்.

எனக்கு உருளைக்கிழங்கு உரிக்கும் வேலை. அரசாங்கக் கடிதம் எழுதிய கை, நாளொன்றுக்கு இரண்டு மூட்டை உரிக்கிறது.

12 பிப்ரவரி

மொரீனுக்கும் ஜீனுக்கும் தினமும் ஒரு சண்டை உண்டு. சூப்பில் பார்லி போடுவதா வேண்டாமா என்பதுதான் அது. பதினைந்து வருடமாக நடக்கிறதாம். இன்று, நாளைய சூப்புக்குக் காய் நறுக்கும்போதே ஆரம்பித்ததும், எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்து, டீ கொடுத்து, தனித்தனியாகக் கேட்டு, எங்கள் ஊர் முறைப்படி ஒரு தாளில் எழுதினேன். திங்கள் பார்லியுடன், புதன் பார்லி இல்லாமல், வெள்ளி சுழற்சி முறையில். இரு தரப்பினரும் ஏற்றுக்கொண்டு கையொப்பமிட்டனர். இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். தாளைச் சுவரில் ஒட்டினார்கள்.

முப்பத்திரண்டாவது கூட்டம்.

13 பிப்ரவரி

புதன்கிழமை. சூப்பில் பார்லி கிடந்தது. கேட்டால் ஜீன், "நான்தான் போட்டேன், மொரீனுக்குப் பிடிக்குமே" என்கிறாள். பார்லி வேண்டாம் என்று பதினைந்து வருடம் சண்டை போட்டவளே ஜீன்தான். மொரீனோ, "இவள் போடுவாள் என்று தெரிந்துதான் நான் போடாமல் விட்டேன்" என்கிறாள். ஒப்பந்தம் இருபத்து நான்கு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

8 மார்ச்

ஆய்வுக்காக இன்று ஜீனிடம் பேட்டி எடுத்தேன். மொரீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்காததுபோல் நின்றாள்.

ஜீனின் அண்ணனை 1976-இல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பத்தொன்பது வயது. சுட்டவர்கள் சுவருக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். அதன் பிறகு அவள் தெருவில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு. யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். இருபத்தைந்து வருடம் கழித்து, ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் அவள் கணவனுக்கும் மொரீனின் கணவனுக்கும் அடுத்தடுத்த கட்டில். வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், காத்திருக்கும் அறையில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"அப்புறம் மொரீனோட வீட்டுக்காரர் இறந்துட்டார். துக்கத்துக்குப் போகணும்னு எனக்குத் தோணுச்சு" என்றாள்.

"உங்கள் தெரு எப்படிச் சம்மதித்தது?" என்று கேட்டேன். என் கேள்வித்தாளில் அதுதான் ஏழாவது கேள்வி.

ஜீன் என்னை விநோதமாகப் பார்த்தாள். "யார் சம்மதிச்சா? போகக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. நான் கேக் எடுத்துக்கிட்டுப் போனேன். ஆறு மாசம் என் தெருவில் பாதிப் பேர் என்னோட பேசலை. அப்புறம் பேசினாங்க."

"மன்னித்துவிட்டீர்களா?"

"இல்லை" என்றாள். "அண்ணனைச் சுட்டவனை எதுக்கு மன்னிக்கணும்? இவள் சுடலையே. இவள் உருளைக்கிழங்கைத்தான் ஒழுங்கா வேகவைக்க மாட்டா."

"கேட்டுச்சு" என்றாள் மொரீன், குழாயடியிலிருந்து.

எட்டாவது கேள்வியை நான் கேட்கவில்லை. உரித்த உருளைக்கிழங்கையே திரும்ப உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகும்போது மொரீன் என் கையைப் பிடித்து, "உனக்கு அக்கா தங்கை உண்டா?" என்று கேட்டாள். ஒருத்தி இருக்கிறாள் என்றேன். இந்த ஊருக்கு வந்து ஆறு மாதத்தில் முதல் தடவை.

10 மார்ச், ஞாயிறு

காலையில் வீட்டுக்குப் போன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "என்னங்க, உலகு நம்பர் யார்கிட்டயாவது கிடைக்குமா? விசாரிச்சுப் பாருங்களேன்."

மூச்சுவிடாமல் பத்து எண்ணையும் சொன்னார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "கோவப்படாத வடிவு. தீபாவளிக்கு பிள்ளைக்குத் துணி எடுத்து அனுப்புவேன். வருசா வருசம். நான் அந்தக் கூட்டத்துக்கும் வரலை, கையெழுத்தும் போடலைல்லா?"

வாட்ச்மேன் பிள்ளை!

"கதிரேசனுக்குத் தெரியுமா?"

"அவன் சித்திகூட தெனமும் வாட்சப்புல பேசுவானே."

அடுத்து ஊருக்கு, அம்மாவுக்குப் போன் போட்டேன். லைன் பிசி. அரை மணி நேரம் பிசி. ஒருவழியாக எடுத்து, "இப்பதான்ட்டி உலகுகிட்டப் பேசிட்டு வச்சேன். மாப்பிள்ளை எல்லாஞ் சொல்லிட்டாராம்லா" என்றாள், ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோல.

"எத்தனை நாளா பேசுத?"

"ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை. பிள்ளை பொறந்ததுல இருந்து."

"அந்த ஒப்பந்தத்துல..."

"நான் என்னத்தட்டி கண்டேன்? நீ எழுதுன, அவுக கையெழுத்துப் போட்டாக. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாததை எப்படி நான் கேட்டு நடக்க?"

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு என்று தொடங்கியது வேறு மாதிரி ஆகிவிட்டது. சொலாஞ் ஓடி வந்து என்ன என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒப்பந்தத்தை எட்டு வருடம் கடைப்பிடித்த ஒரே ஆள் நான்தான் என்றேன். அவள் ரசத்தைச் சுடவைத்து ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். உப்பு அதிகம். குடித்தேன்.

11 மார்ச்

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

12 மார்ச்

எடுக்கவில்லை. வேலை நேரமாக இருக்கும்.

17 மார்ச்

ஊரே பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு பேட்ரிக் புனிதர் திருநாள் கொண்டாடுகிறது. தெருவில் மேளம். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூப்பிட்டேன். எடுத்தாள். பின்னால் தையல் இயந்திரம் ஓடும் சத்தம். வீட்டுக்கும் வேலை எடுத்து வருகிறாள் போல.

"அலோ."

"உலகு, நான் வடிவு பேசுதேன்."

இயந்திரம் நின்றது. "எந்த ஆபீசுல இருந்து?"

"அக்காட்டி."

"எனக்கு ஒரு அக்கா இருந்தா. ஊருக்குள்ள வராதன்னு ரிஜிஸ்டர் தபால் அனுப்புனா. அவ எழுத்து எனக்குத் தெரியாதா? ஸ்கூல்ல என் கட்டுரை நோட்டெல்லாம் அவ எழுதிக் குடுத்ததுதான."

"வராதன்னு எழுதலட்டி. 'தவிர்த்துக்கொள்வது'ன்னுதான்..."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அந்தப் பக்கம் அவள் சிரிக்கத் தொடங்கினாள். சின்ன வயதில் சிரிப்பாளே, மூச்சு வாங்க வாங்க, அதே சிரிப்பு. "யக்கா, நீ மாறவே மாட்ட" என்றாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் சொன்னேன். "தப்புட்டி. வேற ஆளை எழுதச் சொல்லவான்னு கேட்டாக. நான்தான் எழுதுதேன்னு சொன்னேன். உனக்காகன்னு நெனச்சேன். உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பெறகு எட்டு வருசம் போன் பண்ணாததுக்கு யாரும் எங்கிட்ட கையெழுத்து வாங்கல. அது நானா செஞ்சது. அதுதான் பெரிய தப்பு."

அந்தப் பக்கம் தையல் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. வெளியே மேளம் கடந்து போனது.

"எனக்கு தைக்க பீசு கெடக்கு. வார ஞாயித்துக்கெழமை பேசு" என்று வைத்துவிட்டாள்.

24 மார்ச்

பேசினாள். பதினோரு நிமிடம். பாதி நேரம் கதிரேசனின் பிளஸ் டூ பரீட்சையைப் பற்றி. பிள்ளையின் பெயர் தேன்மொழி. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதாம்.

7 ஏப்ரல்

நான் ஊருக்குத் திரும்பியதும் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு எல்லாரும் வாருங்கள் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"உன் வீட்டுக்கு யார் வேணாலும் வரலாம்க்கா. பேப்பர் போடுதவன் வரலை? எனக்கு ஊருக்கு வரணும். ஒளிஞ்சு இல்ல. பட்டப்பகல்ல பஸ்ஸைவிட்டு எறங்கி, கடைத்தெரு வழியா அம்மா வீட்டுக்கு நடக்கணும். அவுகளும் பிள்ளையும் நானும். நீயும் வரணும். முன்னாடி போகாத, பின்னாடியும் வராத. கூட வா."

சரி என்றேன்.

9 ஏப்ரல்

ஆய்வுத் தலைப்பை மாற்றிவிட்டேன். பேராசிரியரிடம் போய், நவம்பரில் வெற்றி என்று சொன்ன கதையைத் தோல்வி என்று எழுதப்போகிறேன், குறிப்பு எழுதியவள் அந்தப் பெண்ணின் அக்கா என்பதையும் சேர்த்து, என்றேன். தாமதமாக மாற்றுவதற்கு ஒரு படிவம் உண்டு, நிரப்பிக் கொடுங்கள் என்றார். படிவம் என்றதும் தைரியம் வந்தது.

12 ஜூலை

புராட்டஸ்டண்டுகளின் ஊர்வல நாள். ஜீனின் தெருவில் கொடி, தோரணம், டிரம்மும் புல்லாங்குழலும். எனக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தாள். எங்கள் ஊர்க் கொடை மாதிரியே கூட்டம், அதே வெயில் (இங்கே இது வெயில்), அதே மாதிரி எந்தத் தெருவுக்குள் போகலாம் என்று போலீஸ் வகுத்த பாதை. மொரீன் வழக்கம்போல ஊர்வல வாரம் முழுவதும் கடற்கரைக்குப் போய்விட்டாள். டிரம் சத்தம் அவளுக்கு ஆகாது. சாயங்காலம் ஜீன் என்னையும் கூட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். மொரீனின் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற. தலையில் ஊர்வலத் தொப்பி அப்படியே இருந்தது. "கழற்றவில்லையா?" என்று கேட்டேன். "தக்காளிக்குத் தெரியாது" என்றாள்.

30 ஆகஸ்ட்

ஆய்வை ஒப்படைத்துவிட்டேன். கடைசி உருளைக்கிழங்கும் உரித்தாயிற்று. மொரீனும் ஜீனும் ஆளுக்கொரு பக்கம் கட்டிப்பிடித்ததில் மூச்சு முட்டியது. சொலாஞ் தன் ஊர் கிகாலிக்கு இரண்டு கிலோ புளி எடுத்துப் போகிறாள். விமான நிலையத்தில் என்ன சொல்லி விளக்குவாள் என்று தெரியவில்லை.

16 செப்டம்பர், பாளையங்கோட்டை

வேலையில் சேர்ந்தேன். முதல் வேலையாக அந்தப் பழைய அலுவலகத்துக்குப் போய், இப்போதைய வட்டாட்சியரைப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். பதிவறையில் தேடி எடுத்த கோப்பை அவர் முன் வைத்தேன். படித்தார்.

"மேடம், கல்யாணம் பண்ணுனவங்களைச் சொந்த ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்ல சட்டத்துல எடமே இல்லையே. எந்த முட்டாள் இதை எழுதினது?"

"நான்தான்."

அவருக்கு எந்திரிக்கவா உட்காரவா என்று தெரியவில்லை. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, அந்தத் தீர்மானம் செல்லாது என்று எட்டு வரியில் ஒரு குறிப்பு எழுதினோம். மென்மையான சொல் எதுவும் போடவில்லை.

22 செப்டம்பர்

ஊருக்குப் போனேன். கையெழுத்துப் போட்ட எட்டுப் பேரில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், மூன்று பேர் சென்னை, பெங்களூர் என்று மகன்களோடு போய்விட்டார்கள். மிச்சம் மூன்று பேர்.

பலசரக்குக் கடை சங்கரபாண்டியன் அண்ணாச்சி: "அதை இன்னுமா வச்சிருக்கீக? உங்க அம்மை மாசாமாசம் திருப்பூருக்கு கருப்பட்டி அனுப்புததே என் கடையில இருந்துதான்."

முத்தையா சித்தப்பா, அப்பாவின் தம்பி: "நான் செத்த பெறகு கூட்டிட்டு வா."

"உங்ககிட்ட கேக்க வரலை சித்தப்பா. சொல்லிட்டுப் போக வந்தேன்" என்றேன்.

மூன்றாவது ஆள் உலகுவின் மாமனார். அவள் கணவன் பால்துரையின் அப்பா. காலனித் தெருவுக்குள் விசாரணைக்குப் போயிருக்கிறேன், யார் வீட்டுக்கும் போனதில்லை. வாசலில் நின்றே, அன்றைக்கு நடந்தது தப்பு, மன்னிச்சிருங்க என்றேன். "நாங்க சம்மதிச்சுப் போடலம்மா. வெளிய நின்ன கூட்டத்தப் பாத்துட்டுப் போட்டோம். என் மகன் இந்த வாசல்ல நின்னு ஒம்பது வருசமாச்சு" என்றார். பிறகு அவரே, "உள்ள வாங்க, உக்காருங்க. டீ போடச் சொல்லுதேன்" என்றார். உட்கார்ந்தேன்.

5 அக்டோபர்

நாளை. சேலையை மூன்று தடவை மாற்றி எடுத்து வைத்துவிட்டேன்.

6 அக்டோபர் 2019, ஊரில்

ஆயுதபூஜை லீவில் வந்திருக்கிறார்கள். பதினொரு மணி பஸ். நானும் அவரும் முன்கூட்டியே போய் நின்றோம். இன்ஸ்பெக்டர் முன்னெச்சரிக்கையாக இரண்டு கான்ஸ்டபிள்களை அனுப்பியிருந்தார். அவர்கள் டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

உலகு இறங்கினாள். கொஞ்சம் குண்டாகிவிட்டாள். காதோரம் நரை. எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அவள் கையிலிருந்த பையை வாங்கப்போனேன். தரவில்லை. பால்துரை இரண்டு பைகளோடு பின்னால் இறங்கி, "நல்லாருக்கீகளா?" என்று கேட்டார். தேன்மொழி புதிதாக முளைத்த முன்பல்லோடு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

நடந்தோம். நான் உலகுவின் இடது பக்கம். அம்மா வீட்டுக்கு ஆறு நிமிட நடை. இருபத்தைந்து நிமிடம் ஆனது. முதல் பத்தடிக்கு எனக்கு என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சங்கரபாண்டியன் அண்ணாச்சி கடையிலிருந்து இறங்கி வந்து, "ஏ உலகு, எளைச்சுட்டியே" என்று பச்சைப் பொய் சொன்னார். அதற்கப்புறம் யார் யாரோ வந்தார்கள். அவளோடு படித்த இரண்டு பேர், தையல் கற்றுக்கொடுத்த டீச்சர். ஒரு கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பையன்கள் எதையோ சொல்லிவிட்டுப் போனார்கள். உலகு என் முழங்கையைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

முத்தையா சித்தப்பா வீட்டைக் கடக்கும்போது அவர் கதவைப் படாரென்று சாத்தினார்.

"அந்தத் தாத்தா ஏம்ப்பா கதவை மூடுறாங்க?" என்று தேன்மொழி கேட்டாள். திருப்பூர்ப் பேச்சு.

"வெயிலு அடிக்குல்லா, அதான்" என்றார் பால்துரை. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இப்படி எத்தனை பதில்களை அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருப்பாரோ.

அம்மா வாசலில் நின்றாள். யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. "சோறு ஆறிட்டு, ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் தொடங்கியது. அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனைத் திருநெல்வேலியில் வைத்துக்கொள்ளலாம், தெரிந்த டாக்டர் இருக்கிறார், தேதி வாங்கிவிடுகிறேன் என்றேன்.

"அதெல்லாம் வேண்டாம். கோயம்புத்தூர்ல நான் விசாரிச்சாச்சு" என்றாள் உலகு.

"இங்க இருந்து அவ்வளவு தூரம் எதுக்கு?"

"கண்ணு மங்குதுன்னு அம்மா எங்கிட்டதான் சொன்னா. உங்கிட்ட சொன்னாளா?"

"நான் ஊர்லயே இல்லையேட்டி!"

"ஊர்ல இருந்தப்ப மட்டும்?"

"நீ எல்லாத்துக்கும் முடிவெடுத்துட்டு வந்துதான் நிப்பியா?"

"ஆமா, உங்கிட்ட இருந்துதான் படிச்சேன்!"

குரல் ஏறிக்கொண்டே போனது. அவள் கையை இடுப்பில் வைத்தாள், நானும் வைத்தேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இவரும் பால்துரையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெல்லக் காலனித் தெருப் பக்கம் நழுவிவிட்டார்கள். அம்மா மட்டும், "மெதுவாப் பேசுங்கட்டி, தெருவே பாக்கு" என்று சொல்லிக்கொண்டு, கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

இப்போது மணி ஐந்து. இன்னும் முடியவில்லை. உலகு அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியின் பெருமையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எனக்குக் கேட்கவேண்டும் என்றே. இதை எழுதி முடித்ததும் எழுந்து போய் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் திரும்பிப் போகப் புதன்கிழமைதான் பஸ்; இன்று ஞாயிறுதான்.